ஒளியின் நிறத்தை மாற்றும் பாலிமர்: 'பத்து மடங்கு' என்ற எண் சொல்லாமல் விடுவது

சித்திரைத் திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் பச்சை லேசர் பேனாவைக் கழற்றிப் பார்த்தால், பல பேனாக்களில் பச்சையாக எரியும் விளக்கு எதுவும் இருக்காது. உள்ளே இருக்கும் சிறு டயோடு தருவது 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. அதை வாங்கிக்கொள்ளும் நியோடிமியம் கலந்த படிகம் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தருகிறது. அதற்கு அடுத்து நிற்கும் கேடிபி (KTP) என்ற குறுணைப் படிகம்தான் 1064-ஐ 532 ஆக்குகிறது. அலைநீளம் சரிபாதி, அதிர்வெண் இரட்டிப்பு. சுவரில் விழும் பச்சைப் புள்ளி அந்த 532. (மலிவான பேனாக்கள் பலவற்றில் மிச்ச அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமலே வெளிவந்து அது விழித்திரையைச் சுட்டுவிடும். பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாத பொருள்.)

இதே வேலையைப் படிகம் இல்லாமல், தகட்டின் மேல் பூசிய பிளாஸ்டிக் (பாலிமர்) படலத்தைக் கொண்டே செய்யலாம் என்ற செய்தி பல ஆண்டுகளாக வந்துபோகிறது. 'லித்தியம் நையோபேட்டை விடப் பத்து மடங்கு திறன்' என்ற வரியும் கூடவே வரும் (கேடிபி போல அதுவும் நிறம் மாற்றும் ஒரு படிகம்). மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியலோ வேதியியலோ முதுகலை படிக்கும் பலருக்கு 'என்எல்ஓ' (நேரியல் அல்லாத ஒளியியல்) என்ற சுருக்கப் பெயர் பழக்கமானதுதான். ஆனால் பத்து மடங்கு திறனுள்ள பொருள் கையில் இருந்தும், கடையில் விற்கும் பேனாவுக்குள் இன்னும் படிகமே இருப்பது ஏன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் துறையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

நிறம் மாறுவதில் நான்கு வகை

'நிறம் மாறியது' என்று பொதுவாகச் சொல்வதில் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன.

1. வடிகட்டல். நாடக மேடை விளக்கின் முன்னால் பச்சைத் தாளைக் கட்டினால் மேடை பச்சையாகும். புது ஒளி எதுவும் பிறக்கவில்லை. வெள்ளை ஒளியில் ஏற்கெனவே இருந்த பச்சையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தாள் விழுங்கிக்கொண்டது.

2. ஒளிர்தல். ஹைலைட்டர் மை நீல ஒளியை உறிஞ்சி, அதில் கொஞ்சத்தை வெப்பமாக இழந்து, மிச்சத்தை மஞ்சளாகவோ பச்சையாகவோ உமிழ்கிறது. பொருள் இங்கே ஒளியை உண்மையிலேயே விழுங்குகிறது. திருப்பித் தரும்போது திசை ஒழுங்கு எதுவும் இல்லை.

3. ராமன் சிதறல். ஒளி மூலக்கூறின் அதிர்வோடு மோதி, அந்த அதிர்வுக்குரிய ஆற்றலைக் கொடுத்தோ வாங்கியோ வெளியேறுகிறது. எவ்வளவு மாற வேண்டும் என்பதை மூலக்கூறு நிர்ணயிக்கிறது.

4. அதிர்வெண் மாற்றம். இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து ஒன்றாகின்றன, அல்லது ஒன்று இரண்டாகப் பிரிகிறது. உள்ளே போன ஆற்றல் அத்தனையும் ஒளியாகவே வெளியே வருகிறது. பொருள் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. பிறந்த ஒளியும் லேசருக்குரிய ஒழுங்கோடு, ஒரே திசையில் போகிறது.

இந்தக் கட்டுரை நான்காவதைப் பற்றியது. மூன்றாவதோடு நம் பகுதிக்கு உறவு உண்டு என்பதால் ஒரு வார்த்தை: 1928-இல் ராமனோடு சேர்ந்து அந்தச் சிதறலைக் கண்ட கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புப் பக்கத்தவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைப் படிகத்தின் காந்தப் பண்புகளை அளந்தே கண்டுபிடித்த ஆய்வுகள் அவருடையவை. மூலக்கூறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற அதே கேள்வி, கொஞ்ச தூரத்தில் இங்கேயும் வந்து நிற்கும்.

மைக் செட் கரகரப்பு

ஒளி என்பது விநாடிக்குப் பல நூறு லட்சம் கோடி முறை திசை மாறும் மின்புலம். பொருளுக்குள் நுழைந்ததும் அது எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் தானும் ஒளியை வீசும். சாதாரண வெளிச்சத்தில், புலம் எவ்வளவோ அவ்வளவே ஆட்டம். இரண்டு பங்கு புலத்துக்கு இரண்டு பங்கு ஆட்டம். உள்ளே போன அதிர்வெண்ணே வெளியே வரும். இதைத்தான் நேரியல் ஒளியியல் என்கிறார்கள்.

ஊர்த் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரில் பாட்டுப் போடும்போது, சத்தத்தை மட்டாக வைத்தால் பாட்டு பாட்டாகக் கேட்கும். முழுக்கத் திருகிவிட்டால் கரகரக்கும். அந்தக் கரகரப்பு பாடியவர் குரலில் இல்லாதது. போக வேண்டிய தூரம் போக முடியாமல் தகடு திணறுவதால் அலையின் முகடு சப்பையாகிறது. சப்பையான அலைக்குள் மூல அதிர்வெண்ணின் மடங்குகள் புதிதாகப் பிறக்கின்றன. எலக்ட்ரானுக்கும் இதே கதிதான். புலம் பலமாகும்போது ஆட்டம் கோணலாகி, இரட்டிப்பு அதிர்வெண் பிறக்கிறது. இது நேரியல் அல்லாத ஒளியியல்.

எவ்வளவு பலம் வேண்டும்? ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 50,000 கோடி வோல்ட். மதுரையின் உச்சி வெயிலில் வரும் மின்புலம் மீட்டருக்கு 900 வோல்ட்டைத் தாண்டாது. வெயில் ஒருநாளும் நிறம் மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். லேசர் வந்த பிறகுதான் இது கைகூடியது. 1960-இல் ரூபி லேசர் பிறந்தது. மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் சகாக்களும் அதன் 694.3 நானோமீட்டர் சிவப்பைக் குவார்ட்ஸ் படிகத்தில் குவித்து 347.2 நானோமீட்டர் புறஊதாவைப் பெற்றார்கள். கிடைத்த ஒளி அத்தனை சொற்பம். ஒளிப்படத் தகட்டில் அது விட்ட சிறு புள்ளியை அழுக்கென்று நினைத்து அச்சிடும்போது நீக்கிவிட்டார்கள் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. புள்ளியைச் சுட்டிக்காட்ட வைத்த அம்புக்குறி மட்டும் மிச்சம்.

மல்லிகைச் சரமும் மூலக்கூறு வரிசையும்

கோணல் எந்த மாதிரியானது என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அலையின் மேல்முகடும் கீழ்முகடும் ஒரே அளவு சப்பையானால் மும்மடங்கு, ஐந்து மடங்கு போன்ற ஒற்றைப்படை அதிர்வெண்கள் மட்டுமே பிறக்கும். இரட்டிப்பு வேண்டுமானால் இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் வேறு மாதிரியும் கோண வேண்டும். பொருளின் உள்ளமைப்பில் ஒருதலைச்சார்பு இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் கட்டுவதைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்த இரண்டு எதிர்ப்பக்கம் பார்க்கும், நடுவில் நார். ஒவ்வொரு மொட்டுக்கும் காம்பு, முனை என்று திசை உண்டு. சரத்துக்குத் திசை இல்லை. திருப்பிப் பிடித்தாலும் அதே சரம். ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்று இருக்கும் மூலக்கூறுகளும் தம்மிஷ்டத்துக்கு விட்டால் பெரும்பாலும் இப்படித்தான் தலைகீழாக ஜோடி சேர்ந்து கொள்ளும். ஒன்றின் இரட்டிப்பு ஒளியை மற்றது ரத்து செய்துவிடும். எவ்வளவு திறமையான மூலக்கூறாக இருந்தாலும் மொத்தப் பலன் பூஜ்யம்.

குவார்ட்ஸ், கேடிபி, லித்தியம் நையோபேட் போன்ற படிகங்களில் அணுக்கள் இயற்கையாகவே ஒருதலைச்சார்பாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பாலிமரில் அந்த வசதி இல்லை. நூல்கண்டு சிக்கியதுபோல் கிடக்கும் சங்கிலிகளுக்குள் மூலக்கூறுகள் நாலாபக்கமும் பார்த்துக் கிடக்கும். அவற்றைக் கட்டாயப்படுத்தித்தான் ஒரே பக்கம் திருப்ப வேண்டும்.

சாயத்தைத் திருப்பி நிறுத்துவது

இந்தத் துறையின் அடிப்படை மூலக்கூறு ஒரு துணிச்சாயம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். டிஸ்பெர்ஸ் ரெட் 1 என்ற அசோ வகைச் சிவப்புச் சாயம். விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளில் தொங்கும் பாலியஸ்டர் சேலைகளுக்கு நிறம் தருவது இந்த டிஸ்பெர்ஸ் குடும்பம்தான். மூலக்கூறின் ஒரு முனையில் எலக்ட்ரானைத் தாராளமாகத் தரும் அமீன் தொகுதி, மறுமுனையில் அதைப் பிடுங்கும் நைட்ரோ தொகுதி, இடையில் எலக்ட்ரான் தடையின்றி ஓட ஒரு பாலம். எலக்ட்ரான் நைட்ரோ பக்கம் சுலபமாக ஓடும், திரும்பி வரத் தயங்கும். நமக்கு வேண்டிய ஒருதலைச்சார்பு இதுவே. அடர்ந்த நிறத்துக்கும் இதே ஓட்டம்தான் காரணம். இந்தக் குறிப்பு கடைசியில் பெரிய தலைவலியாகத் திரும்பி வரும்.

சாயமிடும் தொழிலோடு உள்ள ஒற்றுமை இத்தோடு நிற்கவில்லை. பாலியஸ்டருக்கு 130 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிச் சாயம் ஏற்றுவார்கள். சூட்டில் இழையின் சங்கிலிகள் நெகிழ்ந்து இடம் விடும், சாயம் உள்ளே போகும், ஆறியதும் சங்கிலிகள் இறுகிச் சாயம் மாட்டிக்கொள்ளும். இறுகலுக்கும் நெகிழ்வுக்கும் இடைப்பட்ட அந்தக் கட்டத்தின் பெயர் கண்ணாடி மாற்ற வெப்பநிலை. அக்ரிலிக் என்று நாம் அழைக்கும் பிஎம்எம்ஏ பிளாஸ்டிக்குக்கு அது சுமார் 105 டிகிரி. ஒளியியல்காரர்கள் செய்வதும் இதைத்தான், ஒரு படி கூடுதலாக. அந்தப் படிக்கு 'போலிங்' என்று பெயர். 1986-இல் சிங்கர், சோன், லலாமா ஆகியோர் டிஸ்பெர்ஸ் ரெட் கலந்த அக்ரிலிக் படலத்தில் இரட்டிப்பு ஒளியைப் பெற்றுக் காட்டிய முறையும் இந்த வழியில் வந்ததே.

1. சாயத்தையும் பாலிமரையும் ஒரே கரைப்பானில் கரைத்து, வேகமாகச் சுழலும் தகட்டின் மேல் ஊற்றுவார்கள். சுழற்சியில் கரைசல் பரவி, உலர்ந்து, ஓரிரு மைக்ரோமீட்டர் படலமாகும்.

2. படலத்தைக் கண்ணாடி மாற்ற வெப்பநிலை வரை சூடாக்குவார்கள். சாய மூலக்கூறு அசையத் தொடங்கும்.

3. மைக்ரோமீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் அளவில் மின்புலம் கொடுப்பார்கள். 2 மைக்ரோமீட்டர் படலத்துக்கு 200 வோல்ட், அதாவது வீட்டு மின்சாரத்தின் அளவுகூட இல்லை. ஆனால் தலைமுடியின் குறுக்களவில் பல பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குள் அது அடங்குவதால் படலத்தில் ஒரு தூசி இருந்தாலும் மின்பொறி பாய்ந்து ஓட்டையாகிவிடும்.

4. புலத்தை நிறுத்தாமலே குளிரவைப்பார்கள். திரும்பிய நிலையில் மூலக்கூறுகள் உறைந்துவிடும்.

எவ்வளவு திரும்பும்? இங்கே கணக்கைப் பார்ப்பது நல்லது. மூலக்கூறின் இருமுனைத் திறன் (இரு முனைகளின் மின் வேறுபாட்டுக்கான அளவு) 8 டிபை என்ற அலகாகவும், புலம் மைக்ரோமீட்டருக்கு 100 வோல்ட் என்றும், வெப்பநிலை 105 டிகிரியை ஒட்டி இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், திருப்பப் பார்க்கும் மின் ஆற்றல் கலைக்கப் பார்க்கும் வெப்ப ஆற்றலில் பாதிதான். எல்லா மூலக்கூறும் ஒரே பக்கம் பார்ப்பதை 1 என்று கொண்டால், கிடைக்கும் ஒழுங்கு சுமார் 0.1. சாயத்தின் திறமையில் பத்தில் ஒன்பது பங்கு இந்தக் கட்டத்திலேயே வீண். புலத்தைக் கூட்டினால் படலம் ஓட்டையாகும், சாயத்தைக் கூட்டினால் மூலக்கூறுகள் மறுபடி மல்லிகைச் சரம்போல் ஜோடி சேர்ந்துவிடும். மூலக்கூறின் பக்கவாட்டில் பருமனான தொகுதிகளைக் கட்டி, ஒன்றையொன்று நெருங்கவிடாமல் செய்வது பிற்பாடு வந்த வழி. 'பத்து மடங்கு' வரை போனதில் பெரும்பங்கு அந்த வேதியியலுக்கு உரியது.

ஒளியை ஏன் குழாயில் விட வேண்டும்

பேரணையில் வைகை நீரைப் பெரியாறு கால்வாய்க்குத் திருப்பினால் அது மேலூர் வரை போகிறது. அதே நீரை அகன்ற மணல் ஆற்றில் விட்டால் பரவி, மெலிந்து, பாதியில் நின்றுபோகும். லென்ஸால் குவித்த ஒளியும் ஆற்று நீர்தான். எவ்வளவு கூர்மையாகக் குவிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் மறுபடி விரிந்துவிடும்.

அலைவழி என்பது ஒளிக்கான கால்வாய். ஒளிவிலகல் எண் 1.6 உள்ள பாலிமர்க் கோட்டை, 1.5 உள்ள பாலிமருக்கு நடுவில் பதித்தால், ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் உள்ளேயே ஓடும். ஒரு மில்லிவாட் ஒளியை ஒரு சதுர மைக்ரோமீட்டர் குறுக்குவெட்டில் அடைத்தால் செறிவு நேரடி வெயிலைப் போலப் பத்து லட்சம் மடங்கு. அந்தச் செறிவு சென்டிமீட்டர் கணக்கில் குறையாமல் நீள்கிறது. அலைவழியில் நீளத்தை இரட்டித்தால் மாற்றத்திறன் நான்கு மடங்காகும். குவித்த கற்றையில் இரண்டு மடங்கோடு நின்றுவிடும். சிறு டயோடு லேசரை வைத்துக்கொண்டே பயனுள்ள அளவுக்கு நிறம் மாற்றலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்து வந்தது.

ஊஞ்சலை எப்போது தள்ளுவது

அலைவழியின் ஒவ்வொரு புள்ளியிலும் புது ஒளி பிறக்கிறது. முன்னால் பிறந்ததும் இப்போது பிறப்பதும் ஒரே தாளத்தில் சேர்ந்தால்தான் வலுக்கும். ஆனால் எந்தப் பொருளிலும் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் போகின்றன. முப்பட்டகம் வானவில்லைப் பிரிப்பதற்கும் இதுவே காரணம். 1550 நானோமீட்டர் ஒளியும் அதிலிருந்து பிறந்த 775 நானோமீட்டர் ஒளியும் சேர்ந்து கிளம்பினாலும் சீக்கிரமே கட்டம் பிசகிவிடும்.

ஊஞ்சலைத் தாளம் தப்பித் தள்ளுவது போன்றது இது. முதல் சில தள்ளலில் ஆட்டம் ஏறும். பிறகு தள்ளல் எதிர் ஆட்டத்தில் விழுந்து, ஏறியதெல்லாம் இறங்கிவிடும். ஏறுமுகமாக இருக்கும் தூரத்துக்கு ஓரியல் நீளம் என்று பெயர். மூல அலைநீளத்தை, இரு நிறங்களுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வித்தியாசத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். வித்தியாசம் 0.05 என்று வைத்துக்கொள்வோம். 1.55 மைக்ரோமீட்டரை 0.2-ஆல் வகுத்தால் 7.75 மைக்ரோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அலைவழி போட்டும் பலன் தருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தாளம் சரிசெய்ய மூன்று வழிகள்:

1. படிகத்தின் இரட்டை விலகல். சில படிகங்களில் ஒளியின் அதிர்வுத் திசையைப் பொறுத்து வேகம் மாறும். ஒரு நிறத்தை ஒரு திசையிலும் மற்றதை வேறு திசையிலும் அனுப்பி வேகத்தைச் சமமாக்கலாம். பச்சைப் பேனாவின் கேடிபி இப்படித்தான் வேலை செய்கிறது. போலிங் செய்த பாலிமரில் இந்த வேறுபாடு சிறியது, அதனால் இந்த வழி பெரிதும் உதவாது.

2. பக்கம் மாறித் தள்ளுதல். தாளம் தப்பும் நேரத்தில் ஊஞ்சலின் மறுபக்கம் போய் நின்று தள்ளினால் ஆட்டம் தொடர்ந்து ஏறும். அதுபோல ஒவ்வொரு ஓரியல் நீளத்துக்கும் மூலக்கூறுகளின் திசையைத் தலைகீழாக்கலாம். 1962-இல் புளூம்பெர்கனும் சகாக்களும் எழுத்தில் சொன்ன யோசனை இது. (புளூம்பெர்கன் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்.) லித்தியம் நையோபேட்டில் 1064-ஐ 532 ஆக்க, சுமார் 6.8 மைக்ரோமீட்டருக்கு ஒரு சுழற்சியாக இதைச் செய்கிறார்கள். பாலிமரில் சீப்புப் பல்போல் மின்முனைகள் வைத்துத் திசை மாற்றலாம், அல்லது ஒளியால் சாயத்தை இடைவிட்டு வெளுக்கச் செய்யலாம். வெளுத்த இடம் எதிர்ப்பக்கம் தள்ளாது, சும்மா இருக்கும். அதனால் பலன் குறைவு, ஆனால் செய்முறை எளிது.

3. ஓட்ட வகை மாற்றுதல். அலைவழிக்குள் ஒளி ஒற்றைக் குவியலாகவும் ஓடலாம், இரண்டு மூன்று குவியல்களாகப் பிரிந்தும் ஓடலாம். பிரிந்து ஓடுவதற்கு வேகம் சற்று அதிகம். புது நிறத்தைப் பிரிந்த வகையில் ஓடவிட்டு, படலத்தின் தடிமனைச் சரியாகப் பார்த்து அமைத்தால், பழைய நிறத்தின் வேகத்துக்கு வந்துவிடும். சிக்கல், இரு குவியல்களின் குறிகள் எதிரெதிரானவை. மேல்பாதியில் சேர்வது கீழ்பாதியில் கழிந்துபோகும். அதற்கும் மாற்று உண்டு: இரண்டு பாலிமர் அடுக்குகளைப் பூசி, ஒன்றில் மூலக்கூறுகளை மேல்நோக்கியும் மற்றதில் கீழ்நோக்கியும் உறையவைப்பது. வெவ்வேறு வெப்பநிலையில் நெகிழும் இரண்டு பாலிமர்களைத் தேர்ந்தால் ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருப்பலாம்.

மூன்றாவது வழி பாலிமருக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. படிகத்தில் அடுக்கடுக்காக இப்படிப் பூச முடியாது. ஆனால் தடிமன் சில நானோமீட்டர் பிசகினால்கூடத் தாளம் தப்பிவிடும். சென்டிமீட்டர் நீளத்துக்கு அத்தனை சீராகப் பூசுவது சாமானிய வேலை அல்ல.

பத்து மடங்கு எங்கே கரைந்துபோகிறது

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம்.

அந்தப் 'பத்து மடங்கு' நிறமாற்றத்தை அளந்து வந்த எண் அல்ல. மின்னழுத்தம் கொடுத்தால் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்ற பாக்கெல்ஸ் விளைவை அளந்து வந்தது. லித்தியம் நையோபேட்டுக்கு அந்த அளவு வோல்ட்டுக்குச் சுமார் 31 பிக்கோமீட்டர். பாலிமர்களில் 100-ஐத் தாண்டியது எப்போதோ நடந்துவிட்டது. சிலிக்கான் தடத்தின் நுண்ணிய பிளவுக்குள் சாயப் பாலிமரை நிரப்பிய ஆய்வுக்கூடக் கருவிகளில் 300-ஐயும் தாண்டியிருக்கிறது. எண் உண்மையானது. இரண்டு விளைவுகளுக்கும் மூலம் ஒரே ஒருதலைச்சார்பு என்பதும் உண்மை. வேறுபாடு எங்கே என்றால், பாக்கெல்ஸ் விளைவில் பொருளுக்குள் 1550 நானோமீட்டர் ஒளி மட்டும் ஓடுகிறது. நிறமாற்றத்தில் 775-உம் சேர்ந்து ஓட வேண்டும்.

சாயம் சாயமாக இருப்பது இங்கேதான் வினையாகிறது. டிஸ்பெர்ஸ் ரெட் 1 அதிகமாக உறிஞ்சுவது 490 நானோமீட்டர் வட்டாரத்தில். 532 பச்சை அந்தச் சரிவிலேயே விழுகிறது. பிறந்த பச்சையைப் பெற்ற பொருளே விழுங்கிவிடும். பேனாவில் பாலிமர் இல்லாததற்கு முதல் காரணம் இதுதான். கேடிபி படிகம் பச்சைக்குக் கண்ணாடிபோல் தெளிவானது.

சரி, 1550-ஐ 775 ஆக்கலாமே? டிஸ்பெர்ஸ் ரெட் போன்ற பழைய சாயங்களில் முடியும். ஆனால் மூலக்கூறின் பாலத்தை நீட்டி எலக்ட்ரான் ஓட்டத்தைப் பலப்படுத்தும்போதெல்லாம் உறிஞ்சும் இடமும் சிவப்புப் பக்கம் நகர்கிறது. 300 பிக்கோமீட்டர் சாதனைக்குரிய வகைச் சாயங்கள் 700 முதல் 800 நானோமீட்டர் வரையிலான பகுதியில் பலமாக உறிஞ்சுகின்றன. 775 சரியாக அந்தக் குழியில் விழுகிறது. திறன் கூடக் கூட ஒளிபுகும் தன்மை குறைகிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது என்பதே இத்துறையின் அடிப்படைக் கெடுபிடி. உறிஞ்சும் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்தால் எண் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதும் கவனிக்க வேண்டியது. எந்த அலைநீளத்தில் அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை நான் நம்பிச் சொல்வதில்லை.

இரண்டாவது, நினைவு மங்குதல். போலிங் செய்த ஒழுங்கு இயற்கையின் விருப்பம் அல்ல, பிடித்து வைத்தது. லித்தியம் நையோபேட்டின் ஒழுங்கு 1,100 டிகிரிக்கு மேலும் தாங்கும். அக்ரிலிக்கில் சும்மா கலந்து வைத்த சாயமோ, பாலிமரையே கொஞ்சம் இளக்கிவிடுவதால், அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்லத் திரும்பிவிடும். சாலையோரம் வெயிலில் நிற்கும் தொலைத்தொடர்புப் பெட்டியின் உட்புறம் மதுரை அக்னி நட்சத்திரத்தில் எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். தொலைத்தொடர்புக் கருவிகளை 85 டிகிரியில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வைத்துச் சோதிப்பதும் அதற்காகவே. தீர்வுகள் படிப்படியாக வந்தன: சாயத்தைப் பாலிமர்ச் சங்கிலியிலேயே பக்கக் கிளையாகப் பிணைப்பது, திருப்பிய பிறகு சங்கிலிகளைக் குறுக்கே தைத்துவிடுவது, 200 டிகிரிக்கு மேல் நெகிழும் பாலிஇமைடு வகைகளுக்குப் போவது. மூன்றும் பலன் தந்தன. ஆனால் நெகிழும் வெப்பநிலை உயர உயர, அந்தச் சூட்டில் சாயமே சிதைந்துவிடாமல் இருக்க வேண்டும் என்ற புதுத் தேவை முளைத்தது.

மூன்றாவது, வெளுத்தல். மொட்டை மாடியில் காயப்போட்ட சிவப்புச் சேலை சில மாதங்களில் மங்குவதுபோல், ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சாயத்தின் பாலம் உடைந்துவிடும். அலைவழிக்குள் செறிவு வெயிலின் பல லட்சம் மடங்கு என்று முன்பு பார்த்தோம். பிறக்கும் 775 சாயத்தால் கொஞ்சம் உறிஞ்சப்பட்டாலும் வெளுத்தல் அங்கிருந்தே ஆரம்பிக்கும். ஆக்சிஜன் புகாமல் அடைத்து மூடுவது ஆயுளை வெகுவாகக் கூட்டுகிறது.

இவற்றோடு சிறிய தொல்லை ஒன்று. பாலிமரில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளின் அதிர்வு மடங்குகள் 1550 வட்டாரத்தில் ஒளியைக் கொஞ்சம் தின்கின்றன. ஹைட்ரஜனுக்குப் பதில் ஃப்ளூரின் வைத்தால் குறையும்.

பொடியில் தெரியும் பச்சை

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் கரைசலை மெல்ல ஆவியாக்கிப் படிகம் வளர்ப்பது பரவலாக நடக்கும் நல்ல ஆய்வு. வளர்த்த படிகத்தைப் பொடியாக்கி, 1064 லேசரைப் பாய்ச்சி, பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். 1968-இல் கர்ட்ஸும் பெர்ரியும் தந்த முறை. 'கேடிபி (KDP என்ற வேறு படிகம்) அளவுக்கு இத்தனை மடங்கு', 'பேனாவின் KTP-க்குப் பதில் இது' என்று இதிலிருந்து எழுதும்போது குழப்பம் வருகிறது. பச்சை தெரிந்தால் ஒருதலைச்சார்பு இருக்கிறது என்பது உறுதியாகிறது. அது முதல் வாசல் மட்டுமே. பொடியின் குறுணை அளவு மாறினாலே எண் மாறும். அலைவழியாக வார்க்க முடியுமா, எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் பொடியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதவை. மாணவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவர்கள் வளர்த்த படிகத்துக்கு நாம் மதிப்புக் குறைத்ததாக ஆகாது.

பாலிமருக்கு வாய்த்த இடங்கள்

1. மாடுலேட்டர். மின்துடிப்பை ஒளித்துடிப்பாக மாற்றும் கருவி. டேட்டா சென்டர்களில் அடுக்குகளுக்கு இடையே ஓடும் கண்ணாடி இழைகளுக்கு இதுவே வாசல். ஒரே நிற ஒளி மட்டும் உள்ளே ஓடுவதால் உறிஞ்சல் தொல்லை இல்லை. 'பத்து மடங்கு' முழுசாகப் பலன் தருவது இங்கேதான். இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்கிறது. ஊஞ்சல் தாளம் இங்கேயும் தேவை: மின்துடிப்பும் ஒளியும் சேர்ந்து ஓட வேண்டும். லித்தியம் நையோபேட் படிகத்துக்குள் மின்துடிப்பு ஒளியை விட வெகுவாகப் பின்தங்கும். பாலிமரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். 100 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி இயங்கும் பாலிமர் மாடுலேட்டர்கள் அதனால்தான் சாத்தியமாயின.

2. தொலைத்தொடர்பு அலைநீள மாற்றம். 775 ஒளியிலிருந்து 1540 ஒளியைக் கழித்தால் சுமார் 1560 கிடைக்கும். ஒரு தடத்தில் வந்த செய்தியை இன்னொரு நிறத்துக்கு மின்சாரமாக்காமலே மாற்றலாம். இங்கே 775 மறுபடி உள்ளே ஓடுவதால் மிதமான திறனும் நல்ல தெளிவும் உள்ள சாயங்களே பொருந்தும். மெல்லிய படல லித்தியம் நையோபேட் அலைவழிகள் 2018-இலேயே வாட்டுக்கு, சென்டிமீட்டர் நீளத்தின் வர்க்கத்துக்கு 2,600 சதவீதம் என்ற மாற்றத்திறன் அளவைத் தொட்டுவிட்டன. இந்தப் போட்டியில் பாலிமர் பின்தங்கியே இருக்கிறது.

3. டெராஹெர்ட்ஸ். அதே 1540, 1560 ஒளிகளைப் பாலிமருக்குள் அனுப்பி வித்தியாசத்தை எடுத்தால் 2.5 டெராஹெர்ட்ஸ் (விநாடிக்கு 2.5 லட்சம் கோடி அதிர்வு) அலை பிறக்கும். உறையைப் பிரிக்காமலே உள்ளிருப்பதைப் பார்க்கவும், மருந்து மாத்திரையின் பூச்சுத் தடிமனை அளக்கவும் உதவும் அலைகள் இவை. படிகங்களில் அணு அடுக்கின் அதிர்வுகள் இந்த வட்டாரத்தில் ஆங்காங்கே அலையை விழுங்கி, கிடைக்கும் நிறமாலையில் ஓட்டைகளை உண்டாக்குகின்றன. சிக்கிய நூல்கண்டாகக் கிடக்கும் பாலிமருக்குள் அப்படி ஒரு அடுக்கே கிடையாது, அதனால் அந்த ஓட்டைகளும் இல்லை. பிறக்கும் அலை சாயத்தின் உறிஞ்சல் பட்டையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், 300 பிக்கோமீட்டர் வகைச் சாயங்களையும் இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம்.